செல்லாத பத்துப் படிவங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் குறையில்லாமல் இருக்கிறேன். குதிகால் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரிக்கு மசக்கை தணிந்ததா? நாலாம் மாதம் முடிவதற்குள் தணிந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று சொல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று போன முறை சிரித்தாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது.

தலைமை அலுவலகத்தில் நீ உட்கார்ந்து யோசித்ததெல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. காலையில் இயந்திரம் சூடேறும் நேரத்தில் அறுபது பேரும் வட்டமாக நிற்கிறோம். பக்கத்தில் நிற்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். உடனே எல்லாரும் கைதட்ட வேண்டும். எனக்குப் பக்கத்தில் வானொலி. துவைத்த துணியைச் சூட்டோடு அழுத்தித் தேய்க்கிற உருளை இயந்திரத்தில் என்னோடு சேர்ந்து படுக்கை விரிப்பு ஏற்றுபவள். வாய் ஓயாததால் அந்தப் பெயர். முதல் நாள் என்னைப் பற்றி, "இந்த அக்கா ரொம்ப நல்லவங்க. நான் நாள் பூரா பேசுறேன், ஒரு நாளும் என்னை அடிச்சதில்லை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், மேற்பார்வையாளரைத் தவிர. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். கழுத்தில் அதை மாட்டிக்கொண்டேதான் பிறந்திருப்பார்.

வாசலில் மூன்று முகம் வரைந்த பலகை ஒன்றும் வந்திருக்கிறது. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். உள்ளே வரும்போது அவரவர் எண் போட்ட பொத்தானை ஏதாவது ஒரு முகத்தின் கீழே ஒட்ட வேண்டும். குதிகால் வலித்த ஒரு நாள் அழுகிற முகத்தில் ஒட்டினேன். விசில் ஓடி வந்து, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்றார். ஆளுக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். மறுநாள், "அந்தப் பக்கம் ஒட்டாதீங்க, கூடத்துக்குப் பேர் கெட்டுப்போகும்" என்றார். இப்போது எல்லாரும் சிரிக்கிறோம். போன வாரம் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒருத்தியும் சிரிக்கிற முகத்தில்தான் ஒட்டினாள்.

"நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். வானொலி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரி, இதுல மாமியார் யாருன்னு முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க" என்றாள்.

சிரிப்பு கிடக்கட்டும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். விரிப்பு மடங்கிப் பட்டாலும் நின்றுவிடுகிறது, அதனால் எண்ணிக்கை குறைகிறது என்று விசில் மூன்று வாரமாகக் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் அவிழ்த்துவிடுவார்கள்.

நீ என் தம்பி என்பது இங்கே ஈ காக்கைக்கும் தெரியாது. உறவுக்காரர் இருவர் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்ற விதி இருந்தும் உறவை மறைத்துத்தானே நாலு வருடம் முன்பு என்னைச் சேர்த்துவிட்டாய். அதை நான் மறக்கவில்லை.

மோர் நிறையக் குடி. வீட்டுக்காரியைப் பாரம் தூக்க விடாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டேன். நெஞ்செரிச்சல் பரவாயில்லை. மசக்கை நீ சொன்னபடியே தணிந்துவிட்டது. அவள் இப்போது என்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறாள். குதிகாலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வை.

பலகையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. நான் நினைத்தது அதுவல்ல. ஒருவர் அழுகிற முகத்தில் ஒட்டினால் மேற்பார்வையாளர் பக்கத்தில் போய் உட்கார்ந்து காரணம் கேட்க வேண்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு வருகிறவர் ஏன் வருகிறார், ஏன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார் என்று யாருமே கேட்டதில்லை அக்கா. கூலி மட்டும் ஒருவரைக் கட்டிவைக்காது. தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் மனம் வைத்து வேலை செய்வார்கள். நான் இதை முழுசாக நம்புகிறேன். இயக்குநர் அம்மாவும் இப்போதுதான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்.

இம்மாதக் கடைசியில் உங்களுக்கெல்லாம் ஒரு படிவம் வரும். பெயர் எழுத வேண்டாம், எண்ணும் வேண்டாம். மனதில் இருப்பதை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி பூட்டியபடியே இங்கே வரும். ஒவ்வொரு படிவத்தையும் நானே படிப்பேன். இது என் வாக்கு. கம்பி விஷயத்தையும் அதிலேயே எழுது. நானாகப் போய்ச் சொன்னால், இங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு அங்கே கட்டிய கயிறு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். படிவத்தில் வந்தால் யாராலும் மறைக்க முடியாது.

ஒருவர் விடாமல் எழுத வேண்டும். அதிக மதிப்பெண் வாங்குகிற கூடத்துக்கு ஒரு மகிழ்ச்சிக் கொடி உண்டு; ஒரு படிவம் குறைந்தாலும் அது கிடையாது. எல்லாரிடமும் சொல்லு.

உன் தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உப்பு வெந்நீர் வைத்தேன். கால் கொஞ்சம் தேவலை. நீங்கள் இரண்டு பேரும், இல்லை, இப்போது மூன்று பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

படிவம் வந்தது. ஒருவர் விடாமல் எழுத வேண்டும் என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். உருளைப் பக்கத்தில் ஒன்பது பேருக்கு எழுத வராது என்பது தலைமை அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா? கொடி போய்விடுமே என்று விசில் கையைப் பிசைந்தார். அவரே எழுதித் தருகிறேன் என்றார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்கள்.

இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினேன். என் சொல் ஒன்றுகூடக் கலக்கவில்லை. அவர்கள் சொன்னது சொன்னபடி. கம்பியை அவிழ்க்கச் சொல்லி ஒன்பது பேரும் சொன்னார்கள். மூலையில் மடிக்கிற கிழவி ஒரு முக்காலி கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவள், "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. ஏய்னு கூப்பிடுறாங்க" என்றாள். வானொலி சொன்னது இது: "நான் பேசினா விசில் ஊதுறாங்க. கம்பியக் கட்டினப்போ யாரும் ஊதலையே."

எழுதி முடித்ததும் அவள், "இத நிசமாவே யாராச்சும் படிப்பாங்களா அக்கா?" என்று கேட்டாள். படிப்பார்கள், எனக்குத் தெரியும் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

என்னுடையதோடு சேர்த்துப் பத்து. நீ படிக்கும்போது எது என்னுடையது என்று உனக்கே தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 28

அன்புள்ள அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். இங்கே வெயில் இப்போதே தாங்கவில்லை. அவளுக்கு ஆறாம் மாதம். கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

இனி அலுவலக முகவரிக்கு எழுத வேண்டாம். வீட்டுக்கே எழுது. இங்கே உறைகள் பல கை மாறுகின்றன.

இன்னொன்று. அங்கே யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்காதே. வருகைப் புத்தகத்தில்கூடக் கையெழுத்தோடு நிறுத்திக்கொள். காரணம் ஒன்றுமில்லை, சும்மாதான் சொல்கிறேன்.

குதிகாலைக் கவனி.

தம்பி

*

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

கால் வீக்கத்துக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல். ஆறாம் மாதத்தில் அது இருப்பதுதான். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலு வரிக்கு மேல் ஒன்றும் இல்லை. சும்மாதான் சொல்கிறேன் என்று நீ எழுதினால் சும்மா இல்லை என்று எனக்குத் தெரியாதா?

இங்கே கொடி வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண்ணாம். எல்லாக் கூடங்களிலும் நாங்கள்தான் அதிகமான மகிழ்ச்சியோடு வேலை செய்கிறோமாம். உன் இயக்குநர் அம்மா நேரில் வந்து கேக் வெட்டினார். எல்லாரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் கயிறு தெரியக் கூடாது என்று உருளையின் மேல் ஒரு விரிப்பைப் போர்த்தினார் விசில்.

கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். புதியவள்தான் கேட்டாள், "நாம சொன்னது என்னாச்சு?" வரும், மெல்ல வரும் என்றேன். வானொலி தன் பங்குக் கேக்கைப் புதியவள் கையில் வைத்துவிட்டு உருளைக்குத் திரும்பினாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அறுபது பேரில் பத்துப் பேர் குறை சொன்னால் தொண்ணூற்றேழு எப்படி வரும்? எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை, ஆனாலும் கழிக்கத் தெரியும். பத்தும் உன் கைக்கு வந்ததா, வரவில்லையா? அதை மட்டும் சொல்.

உன் அக்கா

*

மே 4

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமா? அவளுக்கு வீக்கம் வடிந்திருக்கிறது. உன் தலையணை வைத்தியம்தான். உனக்குக் குதிகாலில் வைத்துக்கொள்ள மெத்தை போன்ற ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். செருப்புக்குள் வைத்துக்கொள்.

மதிப்பெண் போடும் முறை கொஞ்சம் சிக்கலானது. தனித்தனிப் படிவங்களைப் பார்ப்பதில்லை, மொத்தப் போக்கைத்தான் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் தடுப்புக் கம்பிகளும் வரும் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு ஜன்னல்.

பொறுமையாக இரு.

தம்பி

*

மே 12

தம்பி,

நீ அனுப்பிய குதிகால் மெத்தை நேற்று வந்தது. வானொலிக்கு நேற்று முன்தினம் கை போய்விட்டது.

வலது கை, நாலு விரல். கட்டைவிரல் மட்டும் மிச்சம். விரிப்பின் ஓரம் சுருண்டது, நீவி விட்டாள், அவ்வளவுதான். எதிர் முனையைப் பிடித்திருந்தது நான். அவள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், பாதியில் நின்றுவிட்டது. கம்பி தன் இடத்தில் இருந்திருந்தால் உருளை நின்றிருக்கும். ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்த நான் இருபது எட்டு எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த இருபது எட்டையும் இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கயிற்றைக் காணோம். கம்பி ஒழுங்காக நிற்கிறது. அவள் பேசிக்கொண்டே கவனக்குறைவாக வேலை செய்ததாக விசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் பத்தாம் தேதி தொழிலாளர் அதிகாரி வந்து விசாரிக்கிறார். கம்பெனி பக்கம் என்ன சொல்லப்போகிறார்கள் தெரியுமா? இந்தக் கூடத்தில் கம்பியைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை, படிவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மகிழ்ச்சி என்று வந்திருக்கிறது, அன்று காலை அவளே சிரிக்கிற முகத்தில் பொத்தான் ஒட்டியிருக்கிறாள். உன் பலகையும் உன் படிவமும்தான் அவளுக்கு எதிரான சாட்சி. கவனக்குறைவு என்று முடிவானால் வேலையும் இல்லை, ஒரு நிவாரணமும் இல்லை. அவளுக்கு இரண்டு பெண்கள். வீட்டுக்காரன் இல்லை.

அந்தப் பத்துப் படிவங்களையும் அனுப்பு. அவள் சொன்னது அவள் சொன்னபடியே அதில் இருக்கிறது. விசாரணைக்கு முன்னால் என் கையில் இருக்க வேண்டும்.

அக்கா

*

மே 27

தம்பி,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. போனும் எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரிக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்றாள்.

சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். காலைப் பிடித்து இழுத்தால்தான் வருவாய். இப்போது இழுக்க எனக்குக் கை எட்டவில்லை.

நேற்று வானொலியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். "அக்கா, படிவம் தேடுறாங்களா?" என்றாள். தேடுகிறார்கள் என்றேன்.

எதுவாக இருந்தாலும் எழுது.

அக்கா

*

ஜூன் 3

அக்கா,

உடம்பு எப்படி என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

படிவங்கள் இல்லை. மார்ச் மாதமே இல்லை.

பெட்டியைத் திறந்து மூன்றாவது படிவத்தை எடுத்தபோதே உன் கையெழுத்து தெரிந்தது. நாலாவதிலும் அதே கை. பத்தையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் அம்மா வந்துவிட்டார். நாலைந்தை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். "எல்லாம் ஒரே கை. யாரோ ஒருத்தி பெட்டிய நிரப்பியிருக்கா. வருகைப் புத்தகத்தோட ஒப்பிட்டு யாருன்னு கண்டுபிடிங்க" என்றார். ஒன்பது பேருக்கு எழுத வராது என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அடுத்து உன் பெயர், அடுத்து நீ எனக்கு யார் என்பது.

படிவத்தின் கீழே "அவரவர் கையால் எழுத வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. நான்தான் எழுதினேன். அதைக் காட்டி, விதிப்படி இவை செல்லாதவை, ஆளைத் தேட வேண்டியதில்லை என்றேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது. படிவம் வந்தது என்று கணக்கில் வைத்தேன், பதிலைக் கணக்கில் எடுக்கவில்லை. கொடியும் கிடைத்தது. அன்று மாலை பத்தையும் காகிதம் அரைக்கிற இயந்திரத்தில் போட்டேன். என் கையாலேயே.

போடுவதற்கு முன்பு பத்தையும் படித்தேன். வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா. முக்காலி, பேர் சொல்லிக் கூப்பிடுவது, விசில், எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. அதற்குப் பிறகு தூக்கம் சரியாக இல்லை. கம்பியைப் பற்றி வேறு வழியில் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் அக்கா. நீ நம்ப வேண்டும்.

விசாரணையில் படிவம் பற்றிப் பேசாதே. நிரூபிக்க ஒன்றும் இல்லை. பேசினால் கையெழுத்து, உறவு, எல்லாம் வெளியே வரும். இருவருக்கும் வேலை போகும். இவளுக்கு எட்டாம் மாதம். கை போன அந்த அம்மாவுக்கு என்னால் முடிந்ததைப் பிறகு செய்கிறேன். சத்தியமாகச் செய்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி

*

ஜூன் 14

தம்பி,

நான் இருக்கிறேன். உன் வீட்டுக்காரியைக் கீழே குனிந்து வேலை செய்ய விடாதே. இனி வாரக் கணக்குதான்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். பாதி நிசம். மீதிப் பாதி உன் ஜன்னல். அதை நீ எழுதவில்லை, எனக்குப் படிக்கத் தெரியும். எனக்கும் இதில் பங்கு உண்டு. பத்தையும் ஒரே கையால் எழுதினால் பிடிபடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படிக்கப் போகிறவன் என் தம்பிதானே என்ற தைரியம். அந்தத் தைரியத்தை நம்பித்தான் அந்த ஒன்பது பேரும் வாய் திறந்தார்கள்.

ஒன்பதாம் தேதி மருத்துவமனையில் உன் கடிதத்தை வானொலிக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். நீ யார் என்பதையும் சொன்னேன். ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், "தம்பி வீட்ல புள்ள பொறக்கப் போகுது, இல்லக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்க எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் வாய் மூடி இருந்திருப்பேன்.

விசாரணை சாப்பாட்டு அறையில் நடந்தது. அதிகாரி, கம்பெனி வக்கீல், விசில். வானொலி கட்டுப் போட்ட கையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். வக்கீல் கொடி வாங்கிய படத்தைக் காட்டினார். பலகையின் பதிவைக் காட்டினார். கம்பி கட்டியிருந்தது என்று நான் சொன்னேன். விசில் இல்லை என்றார். முன்பே குறை சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

நீ பிப்ரவரியில் எழுதிய கடிதத்தையும் ஜூன் மாதத்துக் கடிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். வக்கீலும் வாங்கிப் படித்தார். விசில் என்னை ஒரு பார்வை பார்த்தார், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விசாரணையைத் தலைமை அலுவலகத்துக்கும் நீட்டிக்க வேண்டும் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் உன்னைக் கூப்பிடுவார்கள். யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு அன்று மாலையே நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வரும்போது அந்த எட்டுப் பேரும் உருளையை நிறுத்திவிட்டு நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை.

கோபம் இல்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். பொய்யாகிவிடும். கோபம் இருக்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் ஒரு வரி எழுது. என்னை வரச் சொல்ல வேண்டாம், தெரிந்தால் போதும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கடிதத்தைப் படித்து முடித்ததும் அதிகாரி, "இத எழுதினவர் உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டார். நாலு வருடம் அந்தக் கட்டடத்துக்குள் வாய்விட்டு நான் சொல்லாத வார்த்தை. "என் தம்பிங்க" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வானொலிதான் எழுந்து வந்து, இருக்கிற கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

உன் அக்கா